எங்கட கிணத்துத் தண்ணி பற்றின அறிவு வெளியால போகுது. திரும்பி வருதா?

செம்மண்தோட்டம் (உரும்பிராய்)

வணக்கம் உறவுகளே. கொஞ்சம் நீளமாத்தான் எழுதப்போறன், பொறுத்துக்கொள்ளுங்கோ.

காலநிலை மாறுறதுக்கு ஏத்த மாதிரித் தங்களைத் தயார்படுத்திற வழிகளை நாடுகள் ஒண்டோடொண்டு பகிர வேணும் எண்டு 2015ஆம் ஆண்டுப் பாரிஸ் உடன்படிக்கையின்ர 7ஆம் உறுப்புரை சொல்லுது. தகவல், நல்ல நடைமுறை, பட்ட அனுபவம், படிச்ச பாடம் எல்லாம் அதுக்குள்ள அடங்கும். விஞ்ஞானத்தோட பாரம்பரிய அறிவையும் உள்ளூர் அறிவையும் சேர்த்துப் பார்க்க வேணும் எண்டும் அதிலயே இருக்கு. இதுக்குப் பத்து வருசத்துக்கு முதலே, 2005இல, இதே நோக்கத்தோட ஐ.நா. ஒரு வேலைத்திட்டம் தொடங்கி, அடுத்த வருசம் அதுக்கு நைரோபி வேலைத்திட்டம் எண்டு பேர் வைச்சது. ஆக, பேச்சு புதுசில்லை.

எங்கட நிலைமை எல்லாருக்கும் தெரியும். யாழ்ப்பாணக் குடாநாட்டில வற்றாத ஆறு ஒண்டும் இல்லை. வழுக்கியாறு மாரியில ஓடி அராலிப் பக்கம் கடலுக்குப் போயிடும். நாங்கள் குடிக்கிறதும் தோட்டத்துக்கு இறைக்கிறதும் சுண்ணாம்புக்கல்லுக்குள்ள தேங்கி நிக்கிற மழைத்தண்ணி. அந்த நன்னீர் கீழ இருக்கிற கடல் தண்ணிக்கு மேல மிதக்குது. கடல் மட்டத்துக்கு மேல நன்னீர் 1 மீற்றர் நிண்டால் கீழ சுமார் 40 மீற்றர் ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் எண்டது இந்தத் துறையில எல்லாரும் பாவிக்கிற கணக்கு. அப்ப மேல அரை மீற்றர் இறங்கினா, கீழயிருந்து உப்பு 20 மீற்றர் ஏறும். நிலாவரைக் கிணத்தில மேல நல்ல தண்ணி, ஆழத்தில உப்பு எண்டு சின்ன வயசில கேள்விப்பட்டது முழுக் குடாநாட்டுக்கும் பொருந்தும்.

இன்னொரு பக்கத்தால கடலும் உயருது. 1901இலயிருந்து 2018 வரைக்கும் உலகச் சராசரியில 20 சென்ரிமீற்றர். 2006–2018 காலத்தில வருசத்துக்கு 3.7 மில்லிமீற்றர் வேகம்.

எங்கட பக்கத்துக் கிணறுகளில கனபேர் வந்து சோதிச்சுப் பார்க்கத் தண்ணி மாதிரி எடுத்துக்கொண்டு போயிருக்கினம். என்ர கிணத்திலயும் எடுத்தவை. அதில நைத்திரேற்று எவ்வளவு, உப்பு எவ்வளவு எண்டு கிணத்துக்காரருக்கு ஒருத்தரும் திரும்பி வந்து சொல்லயில்லை. எங்கயோ ஒரு அறிக்கையில ஒரு புள்ளியா அது இருக்கும். அந்தப் புள்ளி என்ர பிள்ளையள் குடிக்கிற தண்ணி.

எனக்கு ரெண்டு கேள்வி. எங்களைப் போல நிலம் உள்ள வேற நாட்டுச் சனம் என்ன செய்யுது? எங்களுக்குத் தெரிஞ்சதை அவைக்குக் குடுக்கவும், அவையின்ரதை நாங்கள் எடுக்கவும் என்ன வழி? தெரிஞ்ச ஆக்கள் எழுதுங்கோ.

வெங்காயத்தறை (கோப்பாய்)

அண்ணை, நல்ல இடத்தில தொட்டிருக்கிறியள். மாநாட்டில என்ன பேசினாலும் எனக்கு வேண்டிய பதில் ஒண்டுதான். வைகாசி, ஆனியில என்ர கிணத்தை ஒரு நாளைக்கு எத்தினை மணித்தியாலம் இறைக்கலாம்?

அப்பு காலத்தில துலா மிதிச்சு இறைச்சவை. பட்டை இறங்கி ஏறுறதுக்கிடையில கிணறு ஊறும். மாடு பூட்டி இறைக்கிற சூத்திரம் வைச்ச காலத்திலயும் மாடு களைச்சால் இறைப்பு நிண்டிடும். மிசின் வந்தாப் பிறகு அந்தத் தடை இல்லை. அடி தெரியும் வரைக்கும் இழுக்கலாம். இழுத்து முடிய வாற தண்ணி வாயில வைக்க ஏலாமல் கிடக்கு. அந்தத் தண்ணியைப் பாய்ச்சினா வெங்காயத் தாள் நுனி கருகுது.

ஆய்வுக்காரருக்கு என்ர கேள்விக்குப் பதில் தெரியும் எண்டுதான் நினைக்கிறன். அது என்ர வரம்பு வரைக்கும் வரயில்லை.

மணற்காட்டாள் (வடமராட்சி, இப்ப நெதர்லாந்து)

தம்பி, நீர் சொல்லுறது தான் நடக்குது. ஒரு இடத்தில வேகமா இழுத்தால், அந்த இடத்துக்கு நேர கீழ இருக்கிற உப்புத்தண்ணி குவிஞ்சு மேல வரும். பக்கத்துக் காணியில இல்லாத உப்பு உம்மட கிணத்தில வாறதுக்குக் காரணம் அதுதான்.

நான் இருக்கிற நாட்டில நடந்ததைச் சொல்லுறன். ஆம்ஸ்டர்டாம் நகரம் கடற்கரை மணற்குன்றுகளுக்குள்ள நிக்கிற மழைத்தண்ணியை எடுத்துத்தான் குடிச்சது. எடுத்து எடுத்துக் கீழயிருந்து உவர் ஏறிவிட்டுது. 1957இலயிருந்து ரைன் ஆத்துத் தண்ணியைக் குழாயில கொண்டுவந்து, முதல் கட்டமா வடிச்சு, அந்தக் குன்றுகளுக்குள்ள ஊற விட்டு, பிறகு எடுக்கினம். முதல் போடு, பிறகு எடு எண்ட ஒழுங்கு.

ஆனா இதை அப்பிடியே தூக்கிக்கொண்டு வந்து வலிகாமத்தில வைக்க ஏலாது. இங்க மணல். தண்ணி மெல்ல இறங்கும், இறங்கேக்க வடிபடும். உங்க சுண்ணாம்புக்கல்லில வெடிப்பும் பொந்தும். றோட்டுக் கான் தண்ணியை நேர ஒரு பழைய கிணத்துக்குள்ள விட்டால் அது வடிபடாமலே பக்கத்து வீட்டுக் கிணத்துக்குப் போயிடும். மலசலகூடக் குழித் தண்ணியும் தோட்டத்து உரமும் இப்ப அப்பிடித்தான் போகுது. மழைநீர் சேகரிப்பு எண்டு நல்ல மனசோட செய்யிற ஆக்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேணும். கூரைத் தண்ணியைக் கிணத்துக்கு விடுறதெண்டாலும் மணல், சல்லி போட்ட வடிகட்டிக்குள்ளால விடுங்கோ. முதல் மழையை வெளியால விடுங்கோ.

எங்கட மணற்காட்டு மணலில எண்டால் ஒல்லாந்தர் முறை பொருந்தலாம். ஆர் போய்ப் பார்த்தவை?

வேலணையூரான்

நான் புவியியல் படிப்பிக்கிறனான். எங்களுக்குக் கிட்டின உறவு ஐரோப்பாவில இல்லை எண்டு நினைக்கிறன். பசுபிக்கிலயும் மாலைதீவிலயும் இருக்கு.

கிரிபாட்டியில தெற்குத் தராவா எண்டு ஒரு பவளத்தீவு. அதின்ர குடிநீர் பொன்ரிக்கி எண்ட இடத்தில நிலத்துக்குக் கீழ மிதக்கிற மெல்லிய நன்னீர்ப் படையிலயிருந்து வருது. ஆழத்துக்குத் துளைச்சால் உப்பு. அதால அவை நீர்மட்டத்துக்குக் கொஞ்சம் கீழ, துளை போட்ட குழாய்களைக் கிடையாப் பதிச்சு, பரந்த நிலத்திலயிருந்து மேல்தண்ணியை மட்டும் மெல்ல மெல்ல எடுக்கினம். உப்புக் குவியாது. தீவுப்பகுதியில மணல் உள்ள இடங்களில, வேலணையில, புங்குடுதீவில, செய்து பார்க்க வேண்டிய முறை இது. எங்கட ஆக்கள் பத்துப் பேரை அங்க அனுப்பத் தேவையில்லை. குழாயை எந்த ஆழத்தில வைச்சவை, எத்தினை வருசத்தில அடைச்சுப்போச்சு, வறட்சியில எவ்வளவு குறைச்சு எடுத்தவை எண்ட விபரம் ஒழுங்கா வந்தாலே போதும். இழப்பும் தோல்வியும் அடங்கின விபரம் வேணும். வெற்றிக் கதை மட்டும் வந்து ஒரு பிரயோசனமும் இல்லை.

யாழ்நகரான்

எல்லாரும் கிணத்தையே கட்டிப்பிடிச்சுக்கொண்டு நிக்கிறியள். தாளையடியில கடல்நீரைக் குடிநீராக்கிற நிலையம் 2024 ஆவணியில திறந்தாச்சு. ஒரு நாளைக்கு 24,000 கன மீற்றர். ஆசிய அபிவிருத்தி வங்கி கடன் குடுத்தது. சர்வதேச ஒத்துழைப்பு எண்டால் இதுதானே கண்ணுக்குத் தெரியிற ஒத்துழைப்பு? வரட்சி வந்தாலும் கடல் வத்தாது. நைத்திரேற்றுக் கவலையும் இல்லை. நகரத்தில வாடகை வீட்டில இருக்கிறவனுக்குக் கிணறும் இல்லை, தோட்டமும் இல்லை. அவனுக்குக் குழாய்த் தண்ணி வேணும்.

வேலணையூரான்

யாழ்நகரான், நீங்கள் சொல்லுறதில நியாயம் இருக்கு. குழாய்த் தண்ணி வேணும், நான் எதிர்க்கயில்லை. மாலேயில நடந்ததை மட்டும் கேளுங்கோ. மாலைதீவின்ர தலைநகரில நிலத்தடி நன்னீரைக் கெடுத்துப்போட்டு, முழு ஊரும் கடல்நீர் சுத்திகரிப்பை நம்பி நிண்டது. 2014 மார்கழியில அந்த நிலையத்தில தீப்பிடிச்சுது. ஒரு லட்சம் அளவு சனம் குடிக்கத் தண்ணியில்லாமல் நிண்டுது. இந்தியா, இலங்கை, சீனா எல்லாம் விமானத்திலயும் கப்பலிலயும் தண்ணி அனுப்பினவை. உதவி வந்தது, நல்ல விசயம். ஆனா கிணத்தில நல்ல தண்ணி இருந்திருந்தால் அந்தளவு பதட்டம் வந்திராது.

அதோட, தாளையடித் தண்ணியில வெங்காயம் செய்ய ஏலாது. அந்தத் தண்ணியை உண்டாக்கப் போற மின்சாரச் செலவு தோட்டத்துக்குக் கட்டாது. விவசாயிக்குக் கிணறுதான்.

அறிவியல்நகர் மாணவி

வெங்காயத்தறை அண்ணா கேட்ட கேள்விக்கு என்னால முழுப் பதில் தர ஏலாது. ஒவ்வொரு கிணத்துக்கும் பதில் வேற. ஆனா நீங்களே கண்டுபிடிக்கலாம். மின்கடத்துதிறன் மானி எண்டு கையில பிடிக்கிற சின்னக் கருவி இருக்கு. தண்ணியில உப்புக் கூடக் கூட இலக்கம் கூடும். இறைக்கத் தொடங்கேக்க ஒருக்கா, பிறகு அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கா பாருங்கோ. இலக்கம் ஏறத் தொடங்கிற நேரம்தான் உங்கட கிணத்தின்ர எல்லை. அதோட நிப்பாட்டி, ஊறவிட்டு, பின்னேரம் மிச்சத்தை இறைக்கலாம்.

எந்த இலக்கம் வரைக்கும் பயிர் தாங்கும் எண்டதுக்கு உலக உணவு விவசாய அமைப்பின்ர நீர்ப்பாசன வழிகாட்டி இருக்கு. விளைச்சல் குறையாமல் இருக்க வெங்காயத்துக்கு இறைக்கிற தண்ணி மீற்றருக்கு 0.8 டெசிசீமன்ஸ் வரைக்கும் இருக்கலாம். 2.9 ஆனால் விளைச்சல் பாதி. பீற்றூட் 2.7 வரைக்கும் பொறுக்கும். 1985இலயே திருத்திப் போட்ட அட்டவணை இது. இவ்வளவு காலமும் எங்கட தோட்டக்காரரின்ர கைக்கு ஒரு பக்கத் துண்டுப்பிரசுரமா வந்திருக்க வேணும். நான் வரம்பில நிண்டு இதைச் சொன்னால், எங்கட பெரியாக்கள் முதல்தரம் கேக்கிற மாதிரிப் பார்க்கினம். எனக்கு அது வேதனையா இருக்கு.

இன்னொண்டு. 2004 சுனாமிக்குப் பிறகு கிழக்கில கடல் தண்ணி புகுந்த கிணறுகளை எல்லாரும் உதவி எண்டு பம் வைச்சு இறைச்சுத் தள்ளினவை. கனக்க இறைச்ச இடங்களில கீழயிருந்து இன்னும் உப்பு வந்து சேர்ந்தது. அதுக்குப் பிறகு உலக சுகாதார நிறுவனம் கடல் புகுந்த கிணத்தைத் துப்புரவாக்கிற வழிகாட்டி எழுதேக்க, அளவுக்கு மிஞ்சி இறைக்காதேங்கோ, மழை கழுவ விடுங்கோ எண்டு சேர்த்தது. அந்தப் பாடம் எங்கட நாட்டில, எங்கட சனத்தின்ர கிணத்தில படிச்சது. இப்ப எந்த நாட்டிலயும் பாவிக்கலாம். நாங்கள் வாங்கிற பக்கம் மட்டும் நிக்கயில்லை எண்டதுக்காகச் சொல்லுறன்.

நாகைத் தமிழன் (நாகப்பட்டினம்)

இந்த இழையை ஆரம்பத்திலிருந்து படித்தேன். எங்கள் ஊர் நிலைமையும் ஏறக்குறைய இதேதான், நடுவில் பாக்கு நீரிணை மட்டும்.

சுனாமியில் எங்கள் வயல்கள் உப்பாகிப் போன பிறகு, மழைநீரை வயலில் தேக்கி உப்பைக் கழுவி வடித்தோம். தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் பருவத்தில் மடக்கி உழுதோம். பண்ணைக்குட்டைகள் வெட்டினார்கள். நிலம் திரும்பவும் விளைந்தது. வடக்கே சென்னைக்குப் பக்கத்தில் மீஞ்சூர்ப் பகுதியில் கடல் நீர் உள்ளே நெடுந்தூரம் ஏறியதும் அளவில்லாமல் உறிஞ்சியதால்தான். கொசஸ்தலை ஆற்றில் தடுப்பணைகள் கட்டி மழைநீரை நிறுத்தி ஊற வைக்கிறார்கள். 2003இல் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பைச் சட்டம் கட்டாயமாக்கியது. ஆனாலும் 2019 கோடையில் சென்னை தவித்தது. சட்டம் போட்டுக் கட்டிய தொட்டியைப் பராமரிக்கவில்லை என்றால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் தலைநகரமே சாட்சி. இதையும் சேர்த்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் இலைதழைகளை வெட்டித் தோட்டத்தில் புதைக்கும் வழக்கம் இருக்கிறதாமே? எந்த மரத்தின் தழை, எந்த மாதம், எவ்வளவு ஆழம்? எங்கள் பக்கத்துக் கடலோர மணல் நிலத்துக்குப் பயன்படும்.

வெங்காயத்தறை (கோப்பாய்)

ஐயா, அதைக் குழை தாழ்க்கிறது எண்டு சொல்லுவம். பூவரசங் குழை, கிளிசறியாக் குழை, வாதநாராயணி. வேலியில நிக்கிறதை வெட்டி, தோட்டத்தில சால் திறந்து, குழையை நிரையா அடுக்கி, மண் போட்டு மூடுறது. மண்வெட்டி ஆழம் காணும். அது உக்கினாப் பிறகுதான் நடுகை. உரப் பை வந்தாப் பிறகு கனபேர் விட்டுட்டினம். பூவரசு வேலியும் போய் மதிலாப் போச்சு. இப்ப வலிகாமத்துக் கிணறுகளில நைத்திரேற்று உலக சுகாதார நிறுவனம் சொல்லுற லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டிக் கிடக்கிறதுக்கு அந்தப் பையும் ஒரு காரணம் எண்டு இப்ப விளங்குது.

உங்கட பக்கம் செய்து பார்த்தால் எப்பிடி வந்தது எண்டு எழுதுங்கோ. உங்கட தக்கைப்பூண்டு விதையைப் பற்றியும் சொல்லுங்கோ.

நெல்மணி (தென்மராட்சி)

இவ்வளவு நேரமும் வாசிச்சுக்கொண்டு இருந்தனான். எனக்கு ஒரு பயம் இருக்கு, அதைச் சொல்லத்தான் வேணும்.

கேரளத்தில உப்பு நீர் நிலத்தில பொக்காளி எண்டு ஒரு நெல் தலைமுறை தலைமுறையா விதைச்சு வருகினம். அந்த நெல்லுக்குள்ள இருக்கிற உப்புத் தாங்கும் குணத்தைப் பிலிப்பைன்சில இருக்கிற சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் பிரிச்சு அறிஞ்சுது. இலங்கையில வெளியிட்ட ஏ.ரி. 354 எண்ட உப்புத் தாங்கும் நெல்லுக்கும் ஒரு பக்கத் தாய் பொக்காளிதான். பங்களாதேஷ் விவசாயியும் பயனடைஞ்சவர். இது பெரிய நன்மை. ஆனா பொக்காளி விதைக்கிற விவசாயியின்ர சீவியம் இதால எவ்வளவு உயர்ந்தது? அவையின்ர வயல் வருசம் வருசம் குறைஞ்சுகொண்டுதான் போகுது.

எங்களிட்ட மொட்டைக்கறுப்பன் இருக்கு. பச்சைப்பெருமாள் இருக்கு. மழையை மட்டும் நம்பி விதைக்கிற மானாவாரி நெல். நாளைக்கு ஒருத்தர் வந்து விதையைக் கேட்டால், வைச்சிருக்கிற முறையைக் கேட்டால், நாங்கள் எல்லாத்தையும் சொல்லிக் குடுத்துப்போட்டு நிக்கிறதோ?

மணற்காட்டாள் (வடமராட்சி, இப்ப நெதர்லாந்து)

உங்கட பயம் நியாயமானது. ஒளிச்சு வைக்கிறதும் ஆபத்துத்தான். விதைக்கிற ரெண்டு குடும்பம் விட்டால் இனமே போயிடும். பயிர் மரபு வளங்களுக்கான சர்வதேச ஒப்பந்தம் 2001இல ஏத்துக்கொண்டு 2004இல நடைமுறைக்கு வந்தது. அதின்ர 9ஆம் உறுப்புரை விவசாயியின்ர உரிமையைச் சொல்லுது. பாரம்பரிய அறிவைக் காப்பாத்திறது, பயனில நியாயமான பங்கு, முடிவெடுக்கிற இடத்தில இருக்கை. அதை நிறைவேத்திற பொறுப்பை அந்தந்த அரசாங்கத்திட்ட விட்டிருக்கு, அதுதான் பலவீனம். ஆனபடியால் குடுக்கேக்க எழுதிக் குடுக்க வேணும். எந்த ஊர், என்ன விதை, என்ன நிபந்தனை. கன்னொறுவை விதை வங்கியில ஒரு பங்கு, ஊரில ஒரு பங்கு.

எழுதி வைச்சதின்ர பலம் என்ன எண்டதுக்கு எங்கட நாட்டிலயே உதாரணம் இருக்கு. வன்னிக்குத் தெற்கால இருக்கிற குளத்தொடர் முறை, ஒரு குளத்தின்ர கசிவு அடுத்த குளத்துக்குப் போற ஒழுங்கு, கனகாலமா ஆய்வாளர் எழுதி வந்த ஒண்டு. 2016இல பசுமைக் காலநிலை நிதியம் மல்வத்து ஓயா, மீ ஓயா, யான் ஓயாப் படுகைகளில அதைத் திருத்தப் பணம் குடுத்தது. 2017இல உலக உணவு விவசாய அமைப்பு அதை உலக விவசாய மரபுரிமை எண்டு ஏத்துக்கொண்டது. நல்லா இருக்கட்டும், அந்தச் சனத்துக்கு உரியதுதான். எங்கட குளம், கேணி, வெள்ள வாய்க்கால், தோட்டக் கிணறு, குழைவேலி எல்லாம் சேர்ந்து ஒரு முழு ஒழுங்கு எண்டு அப்பிடி எழுதி வைச்ச ஒரு கோவை எங்களிட்ட இல்லை. பொறியியலாளர் ஆறுமுகம் ஆனையிறவுக் கடல்நீரேரியை நன்னீராக்கி முள்ளியான் வாய்க்காலால வடமராட்சிக்குக் கொண்டுவர வரைஞ்ச திட்டம் ஒண்டைத்தான் இன்னும் எல்லாரும் எடுத்துப் பேசுறம். அதுக்குப் பிறகு நாங்கள் எழுதினது என்ன?

குருநகர்க் கடல்

கிணத்துக் கதைக்குள்ள கடற்காரன் ஒருத்தன் வாறன். பகிர்ந்து பலன் கண்டது எது எண்டால் புயல் அறிவிப்புத்தான். 1970இல வங்காளத்தில மூண்டு லட்சத்துக்கு மேல செத்தது. 1972இல அவை தொண்டர் படை கட்டினவை, கொடியும் ஒலிபெருக்கியும் கொண்டு வீடு வீடாப் போற படை. ஒடிசாவில 1999 புயலில பத்தாயிரம் அளவு சனம் போச்சு. 2013இல பைலின் வரேக்க ஐம்பதுக்குக் குறைவு. வங்காள விரிகுடா நாடுகள் ஒண்டுக்கொண்டு தகவல் குடுக்கிறபடியாலதான் 2020இல புரெவி வரமுதல் நாங்கள் படகை ஏத்தினாங்கள். அண்டைக்கு நல்லூர்ப் பக்கம் வெள்ளம் நிண்டது வேற கதை, அது வாய்க்காலை அடைச்சுக் கட்டினதால வந்தது. புயலுக்கு இருக்கிற ஒழுங்கு உப்புக்கும் வறட்சிக்கும் இல்லை. உப்பு மெல்ல வருது, ஆரும் சத்தம் போடயில்லை.

செம்மண்தோட்டம் (உரும்பிராய்)

எல்லாருக்கும் நன்றி. குருநகர் அண்ணை கடைசியாச் சொன்னதைப் பிடிச்சுக்கொண்டு ஒரு யோசினை வைக்கிறன். தராவாக்காரரிட்டயோ நாகப்பட்டினத்தாரிட்டயோ நாங்கள் கேள்வி கேக்க முதல், எங்கட கணக்கு எங்களிட்ட இருக்க வேணும். ஊருக்கு ஒரு வாசிகசாலையில ஒரு மானி. கிணத்துக்காரர் தாங்களே அளந்து ஒரு கொப்பியில எழுதிறது. வருசத்துக்கு ரெண்டு தரம் எண்டாலும் போதும். வெளியிலயிருந்து ஆர் ஆய்வுக்கு வந்தாலும், முடிவைத் தமிழில கிணறு கிணறாத் திருப்பித் தருவம் எண்டு கையெழுத்து வைச்சால்தான் மாதிரி எடுக்க விடுறது. தங்கம், வெள்ளி கேக்கயில்லை, எங்கட கிணத்தின்ர இலக்கத்தைத்தான் கேக்கிறம்.

வெங்காயத்தறை (கோப்பாய்)

நான் வாறன். ஆனா ஒரு விசயம். இன்னாற்ற கிணறு உப்பு எண்டு ஊர் முழுக்கத் தெரிஞ்சால் காணி விலை விழும், சீதனக் கதையில இழுபடும். சனம் அளக்கவே விடாது.

அறிவியல்நகர் மாணவி

ஓம் அண்ணா, அது உண்மை. அதுக்கு வழி இருக்கு. கொப்பியில பேர் போடாமல் இலக்கம் போடுவம். கிணத்துக்காரருக்குத் தன்ர இலக்கம் தெரியும். வெளியால குடுக்கிற வரைபடத்தில தனிக் கிணறு காட்டாமல் குறிச்சி குறிச்சியாக் காட்டுவம். விஞ்ஞானத்துக்கு அது போதும்.

அளக்கிற நேரம்: மாரி தொடங்க முதல் புரட்டாசியில ஒருக்கா, மழை முடிஞ்சு தையில ஒருக்கா. விடியக் காலமை, மிசின் போட முதல். வாளி முதல்தரம் அள்ளிற தண்ணியில. அதே கிணத்தில இறைச்சு ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகும் ஒருக்கா அளந்து பக்கத்தில எழுதுங்கோ. அந்த ரெண்டு இலக்கத்துக்கும் இடையில இருக்கிற வித்தியாசம்தான் வேலணை ஐயா சொன்ன குழாய் முறை எங்க தேவைப்படும் எண்டு காட்டும். மானியை மாசத்துக்கு ஒருக்கா, இலக்கம் முன்னமே தெரிஞ்ச அளவுத் திரவத்தில சரிபார்க்க வேணும். அது என்ர பொறுப்பு.

நாகைத் தமிழன் (நாகப்பட்டினம்)

புரட்டாசியிலும் தையிலும் இங்கேயும் அதே மாதிரி அளக்கிறோம். கொப்பியின் கட்டங்களை அனுப்புங்கள், நாங்களும் அதே கட்டத்தில் எழுதினால் இரண்டு பக்கமும் ஒப்பிடலாம். தக்கைப்பூண்டு விதை பற்றித் தனி இழை தொடங்குகிறேன்.